காலுக்கே முதல் மரியாதை!

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து மதுரை ஏர்போர்ட்டுக்குப் போகணுமா? பெரியார் பஸ் ஸ்டாண்டு போய், பஸ் மாறி, அவனியாபுரம் நெரிசலில் வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர வேண்டும். அடியேன் மட்டும் ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிய ஐந்தாவது நிமிஷம் ரன்வேயில் நிற்பேன். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. செலவு? கரண்ட் பில் மட்டும்தான்!

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற கோஷ்டியைச் சேர்ந்தவன் நான். 'ஃப்ளைட் சிமுலேட்டர்' என்பார்கள். பகலில் காளவாசலில் ஒரு ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி ஆனால் கேப்டன். "கேஸ் சிலிண்டர் மாத்தத் தெரியாது, ஏரோப்ளேன் ஓட்டுறாராம்!" என்று வீட்டம்மா பக்கத்து வீட்டில் சொல்லுவாள். என் காதில் விழ வேண்டும் என்றே சொல்லுவாள்.

இது ஏதோ நேற்று முளைத்த விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ப்ரூஸ் ஆர்ட்விக் என்ற அமெரிக்கர் உருவாக்கிய புரோகிராமை மைக்ரோசாஃப்ட் 1982-லேயே வெளியிட்டது. அப்போதெல்லாம் திரையில் நாலு கோடு தெரிந்தால் மலை, எட்டு கோடு தெரிந்தால் ஊர்! 2020 ஆகஸ்டில் வந்த பதிப்பில் சாட்டிலைட் படங்களை வைத்து பூமி முழுவதையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் நாகமலை பாம்பு படுத்த மாதிரி நீளமாகக் கிடக்கிறது. கிழக்கே யானைமலை. மதுரையை அழிக்க வந்த நாகமும் யானையும் மலையாகிப்போன கதை திருவிளையாடற் புராணத்தில் வருமே... மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு அவை இரண்டும் வழிகாட்டிப் பலகைகள்!

அந்த வருஷம் கொரோனா ஊரடங்கு. உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்து பறக்க ஆரம்பித்ததில், ஜாய்ஸ்டிக்குக்குத் தட்டுப்பாடே வந்துவிட்டது. நவம்பரில் 'சூரரைப் போற்று' படம் வந்தது. சோழவந்தான்காரன் ஒருவன் ஏர்லைன்ஸ் ஆரம்பிக்கிற கதை. சோழவந்தான் எங்களுக்குப் பக்கத்து ஊர். சும்மா இருப்பார்களா எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்? அப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகள் படம் முடிந்ததும் சொன்னாள்:

"மாமா, நான் பைலட் ஆகப் போறேன்."

ஏழாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஒன்று ஆகப் போகின்றன. பத்தாவது வந்ததும் மறந்துவிடும். இவள் மறக்கவில்லை. பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ், மேத்ஸ் எடுத்தாள். உத்தரப்பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்ச் என்ற ஊரில் மத்திய அரசு நடத்தும் 'இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி' பற்றி விலாவாரியாக விசாரித்து வைத்திருக்கிறாள். எழுத்துத் தேர்வு, நேர்காணல், திறன் தேர்வு என்று வரிசையாகத் தாண்ட வேண்டும். கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கையில் வர, நிஜ விமானத்தில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு பல லட்சம்.

அக்கா வீட்டுக்காரர் கவர்மென்ட் பஸ் டிரைவர். சொத்து என்று இருப்பது அச்சம்பத்தில் ஒரே ஒரு ஓட்டு வீடு.

"மாப்ள, வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வைக்கிறதுக்கு நான் பயப்படல. போயி ரெண்டு மாசத்துல, 'அப்பா, எனக்கு இது பிடிக்கல'ன்னு வந்து நின்னாள்னா?" என்றார் மச்சான்.

நியாயமான கேள்வி. பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. அவரே வழியும் சொன்னார்: "உன் பொட்டியில கொஞ்ச நாள் ஓட்டிப் பாக்கட்டும். ஆனா வெளையாட்டா இருக்கக் கூடாது. நெசம் மாதிரி இருக்கணும்."

அதுவரை நான் ஓட்டிக்கொண்டிருந்தது கீ போர்டில். அதில் நிஜமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பட்டனைத் தட்டினால் விமானம் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும். கையில் தீபாவளி போனஸ் 20,000 ரூபாய் இருந்தது. அதற்குள் என்ன வாங்குவது என்பது ஒரு வீட்டுப் பத்திரத்தின் பிரச்னையாகிவிட்டது.

* * *

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் போய், "ஜாய்ஸ்டிக் இருக்கா?" என்றேன்.

"மாரியோ வெளாடுற ரிமோட்டாண்ணே?"

இதற்குமேல் அவரைத் தொந்தரவு செய்யாமல் டீ குடித்துவிட்டுத் திரும்பி, ஆன்லைனில் தேட ஆரம்பித்தேன். அங்கே வேறு கஷ்டம். கடலை மிட்டாய் வாங்கப் போனவன் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு சாமான்!

உங்களுக்கும் இந்த ஆசை இருந்தால், முதலில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். விமானத்துக்கு அசைவுகள் மூன்றுதான். மூக்கு மேலும் கீழும் போவது ஒன்று. இறக்கை இடமும் வலமும் சாய்வது இரண்டு. மூக்கு இடமும் வலமும் திரும்புவது மூன்று. முதல் இரண்டையும் கை பார்த்துக்கொள்ளும். மூன்றாவது கால் வேலை. வாலில் செங்குத்தாக நிற்கிற 'ரட்டர்' என்ற பலகையை இரண்டு பெடல்கள் ஆட்டும்.

கைக்கு இரண்டு விதமான சாமான்கள் இருக்கின்றன. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த ஜாய்ஸ்டிக். இன்னொன்று யோக். பாதி வெட்டிய ஸ்டீயரிங் மாதிரி இருக்கும். இழுத்தால் மூக்கு தூக்கும், தள்ளினால் இறங்கும், திருப்பினால் சாயும். ஆங்கிலத்தில் யோக் என்றால் நுகத்தடி. "ஏற்கெனவே கழுத்துல ஒண்ணு இருக்கு, இன்னொண்ணு வேறயா?" என்று கேட்டுவிட்டு, வீட்டம்மா வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தார் ஆபீஸ் நண்பர் ஒருவர். என் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார், பாவம்.

ஆனால் அவரே யோக் கட்சிதான். "ஜாய்ஸ்டிக்னா சின்னப் பையன் சமாச்சாரம் சார். யோக்குதான் கெத்து!" என்றார். கெத்து என்பது வாஸ்தவம். மேஜை விளிம்பில் கிளாம்ப் போட்டு முடுக்கிவிட்டால் பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் வாயடைத்துப் போவார்கள். விலையைக் கேட்டால் நாம் வாயடைத்துப் போவோம். நல்ல யோக் ஒன்றுக்கே என் மொத்த போனஸும் போதாது.

யோக்கிலும் ரகம் உண்டு. எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். லாஜிடெக் யோக் பக்கத்துக்கு 45 டிகிரி திரும்பும். ஹனிகோம்ப் ஆல்ஃபா 90 டிகிரி திரும்பும். நிஜ செஸ்னா விமானத்தின் பழக்கம் கைக்கு வர வேண்டுமானால் இரண்டாவதுதான் கிட்டத்தில் நிற்கும்.

'சரி, ரெண்டில் எது நல்லது?' என்று கேட்டால், கேள்வியே அரைகுறை. 'எந்த விமானத்துக்கு?' என்று சேர்த்துக் கேட்க வேண்டும். போயிங் என்றால் யோக். ஃப்ளையிங் கிளப்புகளில் பழகுகிற செஸ்னா 152, 172 என்றால் யோக். ஏடிஆர் என்ற காற்றாடி விமானமும் யோக்தான். ஏர்பஸ் என்றால் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்டிக். 1988-ல் பயணிகள் சேவைக்கு வந்த ஏ320-தான் அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தது. சூலூரிலிருந்து பறக்கிற தேஜஸ், தஞ்சாவூரிலிருந்து பறக்கிற சுகோய் மாதிரி போர் விமானத்தில் ஆசையா? அவற்றிலும் ஸ்டிக்தான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஏர்பஸ்ஸில் கேப்டன் இடது ஸீட்டில் உட்காருவார். அவருடைய ஸ்டிக் இடது கைக்கு. கடையில் விற்கிற பெரும்பாலான ஜாய்ஸ்டிக்குகளோ வலது கை விரல்களுக்கு வார்த்தது போல இருக்கும். அதை வாங்கி ஏர்பஸ் ஓட்டினால் நீங்கள் ஜென்மத்துக்கும் கோ-பைலட்! கேப்டன் ஆகணும் என்றால், த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் மாதிரி இரண்டு கைக்கும் மாற்றிக்கொள்ளும் ரகமாகப் பார்க்க வேண்டும். ஆபீஸில்தான் பிரமோஷன் வரவில்லை, வீட்டிலாவது வரட்டுமே!

என் அக்கா மகளிடம் இந்தக் கேள்வியைப் போட்டேன். "உனக்கு எந்த விமானம்?"

யோசிக்கவே இல்லை. "அகாடமியில டைமண்ட் டிஏ40 மாமா. ஆஸ்திரியா டிசைன். நாலு ஸீட், ஒத்த எஞ்சின். ரெண்டு முட்டிக்கு நடுவுல ஸ்டிக் வரும். யோக் கிடையாது."

கெத்துக் கட்சி அங்கேயே டெபாஸிட் இழந்தது. என் 20,000 ரூபாயும் மூச்சு விட்டது.

* * *

ஸ்டிக் என்று முடிவானதும் அடுத்த சிக்கல். இப்போது சாதாரண ஜாய்ஸ்டிக்குகளிலேயே கைப்பிடியைத் திருகினால் ரட்டர் வேலை செய்யும். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ அப்படித்தான். 'கையாலேயே மூன்றும் முடிகிறது, தனியாகப் பெடல் எதற்கு?' என்று யாருக்கும் தோன்றும். பொழுதுபோக்குக்கு ஓட்டுகிற உங்களுக்கு அதுவே ஏதேஷ்டம். நான் மனசாரச் சொல்கிறேன், அதை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் பறங்கள்.

ஆனால் நிஜத்துக்குத் தயாராகிறவர்களுக்கு அங்கேதான் வில்லங்கம். பக்கக் காற்றில் இறங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை ரன்வே கிழக்கு மேற்காக ஓடுகிறது. 09, 27 என்று எழுதியிருக்கும். பத்தால் பெருக்கினால் திசைகாட்டியின் டிகிரி. மேற்கு நோக்கி 27-ல் இறங்குகிறீர்கள், தெற்கிலிருந்து காற்று. அதாவது இடது பக்கத்துக் காற்று. விமானம் மூக்கை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு நண்டு மாதிரி சாய்வாக வரும். சக்கரம் தொடும் முன் வலது காலை அழுத்தி மூக்கை ரன்வேக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். அதே நேரம் கை இடது பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் காற்று ஓரமாகத் தள்ளிவிடும். கை இடது, கால் வலது.

இதையே திருகு ஸ்டிக்கில் செய்து பாருங்கள். ஒரே மணிக்கட்டு, இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே வலப்பக்கம் திருக வேண்டும். தீபாவளிக்கு முறுக்குப் பிழிகிற கதைதான்! அதுகூடப் பரவாயில்லை. பழக்கம் தப்பாகப் பதிந்துவிடும். நாளைக்கு நிஜ விமானத்தில் கை ஸ்டிக்கைத் திருகப் பார்க்கும். அது திருகாது. கால் பேசாமல் தரையில் கிடக்கும்.

இன்னொன்று. ஒற்றைக் காற்றாடி விமானம் கிளம்பும்போது எஞ்சினை முழுசாக முடுக்கினால் மூக்கு இடது பக்கம் இழுக்கும். விமானியின் பக்கமிருந்து பார்த்தால் காற்றாடி கடிகாரச் சுற்றாகச் சுற்றுவதன் விளைவு. வலது கால்தான் அதைப் பிடித்து வைக்கும். தரையில் உருளும்போதும் கால்தான் ராஜா. புதிதாக வருகிறவர்கள் காரில் திருப்புகிற மாதிரி யோக்கைத் திருப்புவார்களாம். விமானம் அது பாட்டுக்குப் போகும். டிஏ40-ல் இன்னும் விசேஷம். முன் சக்கரம் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி சும்மா சுழலும். மெதுவாக உருளும்போது இடது பிரேக், வலது பிரேக் என்று தனித்தனியாக அழுத்தித்தான் திருப்ப வேண்டும். அந்தப் பிரேக் இருப்பது பெடலின் மேல் பாதியில், கால் விரல்களுக்குக் கீழே. ஆகையால் பெடல் வாங்கும்போது, கால்விரல் பிரேக் இருக்கிறதா, இடதும் வலதும் தனித்தனியாக வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக உள்ளே இருக்கிற சமாச்சாரம். மலிவான ஸ்டிக்குகளில், பெடல்களில் அசைவை அளக்க 'பொட்டென்ஷியோமீட்டர்' இருக்கும். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டுகிற திருகு ஞாபகம் இருக்கிறதா? நாள் பட்டால் கரகரவென்று கத்துமே, அதே ஜாதி. தூசி ஏறினால், தேய்ந்தால், நீங்கள் தொடாமலே ஸ்டிக் நடுங்கும், விமானம் ஜுரம் வந்தது போல ஆடும். தேனி ரோட்டுத் தூசியில் அதற்கு ஆயுசு எத்தனை நாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு ரகம் 'ஹால் எஃபெக்ட்'. எட்வின் ஹால் என்பவர் 1879-ல் கண்டுபிடித்த விஷயம். ஒரு காந்தம் நகர்வதை ஒரு சில்லு அளக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை, அதனால் அந்த இடத்தில் தேய்மானம் இல்லை. நான் சொன்ன டி.16000எம் இந்த ரகம். பழைய சாமான் வாங்குகிறவர்கள் கம்ப்யூட்டரில் சொருகி, விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பகுதியைத் திறந்து பாருங்கள். கையை எடுத்தபின் திரையில் உள்ள சிலுவைக் குறி நடுவில் அமைதியாக நின்றால் வாங்கலாம். நடுங்கினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஸ்டிக்கைப் புதிதாக வாங்கினேன். பெடல், வெளிநாடு போகிற ஒரு கோயம்புத்தூர்க்காரரிடமிருந்து செகண்ட் ஹாண்டில். நடுங்கவில்லை. இரண்டும் சேர்ந்து போனஸுக்குள் அடங்கியது. மிச்சத்தில் வீட்டம்மாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை. அரசியல் சார்!

* * *

பெடல் வந்த பிறகுதான் நியூட்டன் வந்தார். சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்து பெடலை ஓங்கி மிதித்தால், விமானம் திரும்புகிறதோ இல்லையோ, நாற்காலி பின்னாலே போய் அடுப்படி வாசலில் நிற்கும். 'ஒவ்வொரு வினைக்கும்...' என்று பத்தாம் வகுப்பில் உருப்போட்டது இதற்குத்தான் போலிருக்கிறது. எங்கள் வீட்டு வைத்தியம்: நாலு கால் மர நாற்காலி, பெடலுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி ஒரு பலகை. பைசா செலவில்லை. மேஜையில் இருந்த ஸ்டிக்கையும் முட்டிக்கு நடுவில் ஒரு முக்காலியில் இறக்கி வைத்துவிட்டோம், டிஏ40 மாதிரியே.

'இதெல்லாம் சரி, இது நிஜம் ஆகிவிடுமா?' என்றால், ஆகாது. நிஜ விமானத்தில் வேகம் கூடக்கூட ஸ்டிக் கனக்கும், வேகம் குறைந்தால் தொளதொளக்கும். விழப்போகிறோம் என்பதைக் கையே சொல்லிவிடும். நம் ஸ்டிக்கில் இருப்பது ஒரு ஸ்பிரிங். நின்றாலும் பறந்தாலும் ஒரே கனம். முதுகில் தெரிகிற குலுக்கலும் கிடையாது. வீட்டில் ஓட்டுகிற ஒரு மணி நேரம்கூட அந்த 200 மணி நேரக் கணக்கில் சேராது. வீட்டில் பழகினவர்கள் வெளியே பார்க்காமல் மீட்டரையே முறைத்துக்கொண்டிருப்பார்கள் என்று பயிற்சியாளர்கள் திட்டுவதும் உண்டு. அதனால் அக்கா மகளுக்கு ஒரு சட்டம் போட்டேன்: ஊர் சுற்றும்போது பாதி நேரம் மீட்டர்களை ஒரு அட்டையால் மறைத்துவிடுவது. நாகமலை எந்தப் பக்கம், யானைமலை எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் வர வேண்டும்.

ஆனாலும் இந்தப் பொம்மையைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. சிமுலேட்டருக்கு அப்பனே ஒரு ஆர்மோனியப் பெட்டிதான் தெரியுமோ? எட்வின் லிங்க் என்பவர், அப்பா நடத்திய பியானோ, ஆர்கன் கம்பெனியில் வேலை பார்த்தவர். விமானம் கற்க ஆசை, கட்டணம் எக்கச்சக்கம். ஆர்கனில் காற்று ஊதுகிற துருத்திகளை எடுத்து, ஒரு மரப்பெட்டிக்குக் கீழே வைத்து, ஸ்டிக்கையும் பெடலையும் ஆட்டினால் பெட்டி சாய்கிற மாதிரி 1929-ல் செய்தார். முதலில் அதை வாங்கினவர்கள் பொருட்காட்சிக்காரர்கள், ராட்டினத்துக்குப் பக்கத்தில் வைக்க! 1934-ல் தபால் விமானம் ஓட்டிய ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்தபிறகுதான், அமெரிக்க ராணுவம் ஆறு பெட்டி வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில்தான் பழகினார்கள். காசில்லாதவன் ஆசையிலிருந்து பிறந்த சாமான் இது. அச்சம்பத்து ஓட்டு வீட்டுக்குப் பொருத்தமானதுதான்.

ஆறு மாதம் ஆகிறது. அக்கா மகள் வாரத்துக்கு மூன்று நாள் வருகிறாள். ஊர் சுற்றுவதில்லை, சாகசம் கிடையாது. தெற்குக் காற்றை 12 நாட் என்று வைத்துக்கொண்டு, 27-ல் இறங்குவாள், கிளம்புவாள், மறுபடி இறங்குவாள். முந்தாநாள் எண்ணினேன், பதினான்கு தடவை. எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. மச்சான் தெரிந்துகொள்ள நினைத்தது அதைத்தானே? விமானம் ஓட்டுவது பிடிக்கும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஒரே இறக்கத்தைப் பதினைந்தாவது தடவை செய்யப் பிடிக்குமா என்பதற்கு ஒரு நுகத்தடியும் பதில் சொல்லாது. இந்த இரண்டு பெடல்கள் சொல்லிவிட்டன.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு நேரே வந்தார். மகள் ஓட்டுவதைப் பின்னால் நின்று பார்த்தார். திரையைப் பார்க்கவில்லை மனுஷன். மேஜைக்குக் கீழே, அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் தொட்டு நின்றதும் சொன்னார்:

"கால் பதறல. முப்பது வருஷம் வண்டி ஓட்டுறேன் மாப்ள, எனக்குத் தெரியாதா? கை சும்மா காட்டும். கால்தான் வண்டி."

பரீட்சைக்கு எப்போது பணம் கட்ட வேண்டும் என்று விசாரித்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "நானும் ஒரு தடவ உக்காரவா?" என்றார். உட்கார்ந்தார். மகள் சொல்லச் சொல்ல, ரன்வேயில் விமானத்தை நூல் பிடித்தமாதிரி நடுக்கோட்டில் ஓட்டினார். திடீரென்று ஸ்டிக்கை முன்னும் பின்னும் தடவித் தேட ஆரம்பித்தார்.

"என்ன மச்சான் தேடுறீங்க?"

"எல்லாம் சரி மாப்ள... ஹாரன் எங்க இருக்கு?"